பழைய டிராக்டரும் புதிய டிபரன்ஷியலும்

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே உள்ள அனுப்பம்பட்டிலிருந்து பழவேற்காட்டு ஏரிப்பக்கம் வரை தாழ்ந்து கிடக்கும் நெல்வயல்களில், சம்பாவுக்கோ நவரைக்கோ சேறடிக்கும் பருவம் வந்துவிட்டால், பழைய டிராக்டர்களுக்குச் சோதனைக் காலமும் கூடவே வந்துவிடுகிறது. ஒரு சக்கரம் உளையில் வீணே சுழல, மற்றொன்று கெட்டித் தரையில் அசைவற்று நிற்கும். இதற்குப் பரிகாரமாக, கார்களிலும் ஜீப்புகளிலும் கையாளப்படும் லிமிடெட் ஸ்லிப் டிபரன்ஷியலைப் பழைய மாஸி பெர்குஸன் போன்ற வண்டிகளுக்குள் பொருத்திவிடலாம் என்ற யோசனை யந்திரப் பிரியர்களிடையே உண்டு. யோசனை கவர்ச்சியானதுதான், ஆயினும் அதன் குணதோஷங்களை நிறுத்துப் பாராமல் ஆக்ஸிலைப் பிரிப்பது விவேகமாகாது.

வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட இடந்தருவது டிபரன்ஷியலின் தர்மம். அதற்காக அது இரு சக்கரங்களுக்கும் முறுக்குவிசையைச் சமமாகவே பங்கிடுகிறது. நுகத்தடியில் ஒரு காளை தளர்ந்தால் மற்றக் காளையின் பலமும் பயனற்றுப் போவது போல, சேற்றுச் சக்கரம் 100 கிலோ இழுவையையே தாங்குமானால், 600 கிலோ தாங்கக்கூடிய மறுசக்கரத்துக்கும் 100 கிலோவே கிடைக்கும். வண்டிக்குக் கிட்டுவது மொத்தம் 200.

இந்தச் சமத்துவத்தைத் திருத்தவே, 1930-களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல் இடம் பெற்றது. உராய்வுத் தகடுகளாலோ, விசேஷமான பல்சக்கரங்களாலோ, வழுக்காத சக்கரத்துக்குச் சற்று அதிக விசையை அது திருப்பிவிடுகிறது. டிரைவர் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை என்பது இதன் முதல் அனுகூலம். வண்டி புதைந்த பிறகு காலால் மிதித்து இரு சக்கரங்களையும் ஒன்றாய்ப் பூட்டும் டிபரன்ஷியல் லாக்கைப் போலன்றி, சக்கரம் வழுக்கத் தொடங்கும்போதே இது வேலை செய்கிறது. விடுவிக்க மறந்து திரும்பும் அபாயமும் இதில் இல்லை. நான்கு சக்கர இழுவையுள்ள நவீன டிராக்டர்கள் பலவற்றின் முன் ஆக்ஸிலில் இது இடம் பெற்றிருப்பது காரணமின்றியல்ல.

ஆனால் அதே டிராக்டர்களின் பின் ஆக்ஸிலுக்கு லாக்கையே தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது சிந்திக்கத்தக்கது. பல்சக்கர வகை டிபரன்ஷியல், வழுக்கும் சக்கரத்தின் பிடிப்பை மூன்று மடங்காக்கி மறுபக்கம் தருவதாகக் கொள்வோம். மேற்சொன்ன கணக்கில் 100-ம் 300-ம் சேர்ந்து 400 கிலோ இழுவை கிட்டும். லாக் இட்டாலோ 700 வரை கிட்டும். சக்கரம் கூழான சேற்றில் பிடிப்பே இல்லாமல் மிதக்குமானால், சூன்யத்தின் மும்மடங்கும் சூன்யமே. எங்கே உதவி மிக அவசியமோ அங்கேதான் இந்தச் சாதனம் கைவிடுகிறது. தகட்டு வகைக்கு ஸ்பிரிங் அழுத்தம் கொஞ்சம் துணை செய்யும். ஆனால் அந்த அழுத்தமே திரும்பும்போது வண்டியை நேரே தள்ளும்.

இதனினும் பெரிய ஆட்சேபம் எண்ணெயைப் பற்றியது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவென்ட்ரியில் உருவான பெர்குஸன் டி.இ.20, அதன் வழிவந்த மாஸி பெர்குஸன் 35 ஆகியவற்றில் கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வழியாக நம் வயல்களுக்குப் பழக்கமானது இந்த மரபே. தகடுகள் தேய்ந்து உதிரும் துகள், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பு உறிஞ்சும் எண்ணெயிலேயே கலக்கும். தேய்ந்த சீல் வழியே உப்பங்கழிப் பக்கத்து நீர் கசிந்து எண்ணெய் பால்போல் வெளுத்துவிட்டாலோ, உராய்வுத் தகடுகளின் ஆயுளும் குறுகும். சக்கரத்துக்குச் செய்யும் வைத்தியம் ஹைட்ராலிக்குக்கு வியாதியாக முடியலாம்.

செலவும் சாமானியமன்று. இத்தகைய வண்டிக்கு இது கடையில் வாங்கிப் பூட்டும் உதிரி பாகமன்று. லேத்துப் பட்டறையில் கடைந்து, கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் உள்ள இடைவெளியைப் புதிதாக அளந்து அமைக்க வேண்டும். மேலும், சாதாரண டிபரன்ஷியலில் பாதி விசையையே சுமந்த ஆக்ஸில் தண்டு இனிப் பாதிக்கு மேலும் சுமக்க நேரிடும். அரை நூற்றாண்டு முறுக்கில் களைத்த இரும்புக்கு அது லேசான பாரமன்று.

கைவசமுள்ள உபாயங்களோ எளியவை. மடைவாயில் இடச்சக்கரம் புதைந்து சுழல்கிறதென்றால், அனுபவசாலியான டிரைவர் ஆக்ஸிலரேட்டரைத் தணித்து, இடது பிரேக்கை மட்டும் மெல்ல மிதிப்பார்; சுழற்சி அடங்க, வலச்சக்கரம் பற்றிக்கொள்ள, வண்டி ஊர்ந்து கரையேறும். பாதி விசை பிரேக்கிலே விரயமாகிறதென்பது உண்மையே. ஆனால் அதற்காகக் காசு செலவாகவில்லை. சேற்றுழவுக்கு இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் மாட்டினால், இரு பக்கமும் பிடிப்பு உயர்ந்து நோயின் மூலமே குறைகிறது. மாஸி பெர்குஸன் 35-க்கு டிபரன்ஷியல் லாக் தொழிற்சாலையிலேயே விருப்ப உறுப்பாகக் கிடைத்தது. அது இல்லாத வண்டிக்கு அந்த அமைப்பைத் தேடிப் பொருத்துவது இயற்கையோடு ஒத்த சீர்திருத்தம்.

ஆகவே, லிமிடெட் ஸ்லிப் டிபரன்ஷியல் சிறந்த கண்டுபிடிப்பென்பதில் ஐயமில்லை. ஆயினும் பழைய டிராக்டரின் சேற்றுழவுக்கு அது பொருந்தாத பூஷணம். அந்தப் பணத்தைக் கேஜ் வீலுக்கும், பிரேக்குக்கும், ஆக்ஸில் சீலுக்கும் செலவிடுங்கள். வயலில் தனித்தனியே மிதிக்கும் இரு பிரேக் பெடல்களையும் ரோட்டில் ஏறுமுன் கொக்கியிட்டு இணைக்க மட்டும் மறவாதீர்கள். ஒருபக்கப் பிரேக் ரோட்டில் வண்டியைக் கவிழ்த்துவிடும்.