காமன் கூத்தின் துணையாட்டக்காரர்: ஓர் ஒப்பு நோக்கு

ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதம் நிகழும் காமன் கூத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மூவரைப் பற்றியே பேசுவர்: தவத்தில் அமர்ந்த சிவன், அத்தவத்தைக் கலைக்கச் சென்று எரியும் மன்மதன், அவனை இழந்து புலம்பும் ரதி. கதை இம்மூவருடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும், விடிய விடிய ஆடப்படும் ஒரு கூத்தைக் கதை மாத்திரம் தாங்கிவிடுவதில்லை. தூதன், கோமாளி, கூத்தைப் பழக்கி நடத்தும் வாத்தியார், பின்பாட்டுக்காரர், தப்படிப்போர் ஆகியோரை நீக்கிவிட்டால் எஞ்சுவது அரைமணி நேரப் புராணச் சுருக்கமே. இத்துணையாட்டக்காரருள் எவருடைய துணை கூத்துக்கு இன்றியமையாதது?

துணை என்பதை எவ்வாறு அளப்பது என்னும் வினாவுக்கு எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வெளிச்சம் கிடைக்கின்றது. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் அமெரிக்கர் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்றோர் ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்லும் ஆட்டம் அது. தொடக்கத்தில் அதில் மூவகைப் பாத்திரங்களே இருந்தன: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. காயம் ஆற்றும் வல்லமை குருவினுடையது. கூரிய ஆயுதம் ஏந்துவது அவனுக்கு விலக்கு. 1976இல் பாணன் ஒருவனும் வந்து சேர்ந்தான். குருவின் துணையை எண்ணிக் கணக்கிடலாம். அடிபட்டவனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி மீண்டது என்பதே கணக்கு. தோழரைத் தன் பாட்டால் ஊக்குபவனாகப் பின்னர் வளர்ந்த பாணனின் துணையோ, பிறர் செய்யும் செயலின் வெற்றிக்குள் மறைந்துவிடுவது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு இத்தகு துணைவருக்கெல்லாம் ஒரு பொதுப்பெயர் இட்டது. அப்பெயர் ‘தலைவர்’ என்பது நோக்கத்தக்கது.

காமன் கூத்தில் தூதன் முதல்வகைத் துணைவன். தேவர்களின் அழைப்பை மன்மதனிடம் கொண்டுசேர்க்கின்றான். அத்துடன் அவன் கடமை முடிகின்றது. அவன் வராவிடின் கதை நகராது என்பது உண்மையே. எனினும் அவன் செய்வதை ஒரு பாட்டடியாலும் செய்துவிடலாம்.

கோமாளியின் நிலை வேறு. வேடதாரிகள் ஒப்பனை முடித்து வரும்வரை களத்தைக் காப்பவன், உறங்கும் பிள்ளைகளை எழுப்புபவன், துரையையும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் எள்ளி நகையாட உரிமை பெற்றவன் அவன். அவன் கதைக்கு உதவுவதில்லை. அதைக் காண வந்திருக்கும் மக்களுக்கு உதவுகின்றான். பகலெல்லாம் பிறர் சொற்கேட்டு நின்றவர் இரவில் அச்சொல்லைக் கேட்டுச் சிரிக்கும் வாய்ப்பை அவனே தருகின்றான். ஆனால் அவன் துணை இடைவேளைகளுக்கு உரியது. மன்மதன் எரியும் வேளையிற் கோமாளிக்கு வேலையில்லை.

வாத்தியாரும் பின்பாட்டுக்காரரும் ஆடுவோன் மறந்த அடியை எடுத்துக்கொடுப்பர். தளர்ந்த குரலைத் தாங்குவர். குருவின் பணியோடு மிக நெருங்குவது இதுவே. காயம் பட்டவிடத்து மருந்து என்பது போன்றது.

தப்பின் பணி இவற்றுள் எதனோடும் ஒப்பிடுதற்கரியது. வளையத்தில் இழுத்துக் கட்டிய ஒருபக்கத் தோல், ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சி, மறு கையில் தடித்த குறுங்குச்சி, கருவி இவ்வளவே. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் மாசிப் பனி தோலை நனைத்துத் தொய்யச் செய்துவிடும். எனவே களத்தின் ஓரத்தில் நெருப்பு வேண்டும். அடிக்கடி தப்பைக் காய்ச்ச வேண்டும். (அந்நெருப்பைக் காப்பவனையும் துணையாட்டக்காரருள் ஒருவனாகக் கொள்ளல் தகும்.) காய்ந்த தோலின் ஒலியே வீரபத்திரனின் அடிக்கு வேகத்தையும் ரதியின் நடைக்குத் தளர்வையும் தருகின்றது. ஆடுபவன் களைத்தால் தப்பு அவனைத் தூக்கி நிறுத்தும். அவன் மிகைபடப் பாய்ந்தால் இழுத்துப் பிடிக்கும். பார்ப்போரோ ஆட்டம் நன்றென்பர். தப்பு நன்றெனச் சொல்வோர் சிலரே. பாணனின் துணை பிறர் வெற்றிக்குள் மறைந்துவிடுவது போன்றதே இது.

இதனினும் ஆழமான ஒன்றுண்டு. தோட்டத்தில் விடியற்காலையிற் பெரட்டுக்கு அழைத்ததும் தப்பு. திருவிழாவில் முன்சென்றதும் தப்பு. பிணத்தை இடுகாடுவரை கொண்டு சென்றதும் அதே தப்பு. ஆகவே மன்மதன் எரிந்தபின் எழும் ஒலி பார்ப்போருக்குப் புராண ஒலியன்று. தத்தம் லயத்தில் என்றோ கேட்ட சாவின் ஒலி அது. ரதி வேடமிட்டவன் எவ்வளவு தேர்ந்தவனாயினும் அந்நினைவை அவனால் மட்டும் எழுப்ப இயலாது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு உறவுகளைப் பிரித்த பின்னர், பிரிவுற்ற பெண்ணொருத்தியின் புலம்பல் இம்மக்களிடையே கதை என்ற அளவில் நின்றிருக்க முடியாது. அப்புலம்பலுக்கு அடித்தளமிட்டது தப்பின் தாழ்ந்த நடையே.

அவ்வாறாயின், துணைவருக்குத் தலைவர் என்று மேசையாட்டம் வழங்கிய பெயரைத் தப்படிப்போனுக்கு வழங்கிவிடலாமா? இவ்விடத்தில் ஒப்பீடு முறிகின்றது. மேசையாட்டத்தில் பாணனாவது ஒருவரின் விருப்பம். அடுத்த ஆட்டத்தில் அவரே போர்வீரனாகலாம். தோட்டத்தில் தப்பை எடுத்தவரை அதன்பால் அனுப்பியது விருப்பமன்று, பிறப்பு. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்தெண்ணியது தொல்காப்பியம். பிற்காலச் சமூகம் பறையை ஒரு சாதிக்குள் வைத்துப் பூட்டியது. கூத்திற்கு உயிரூட்டும் கை களத்துக்கு வெளியே தாழ்ந்த கையாகக் கொள்ளப்பட்டது. இந்நிலையிலே, படித்த இளைஞன் ஒருவன் தன் தந்தையின் தப்பைத் தொட மறுப்பானாயின் கலை அழிகின்றதே என அவனைக் கடிதல் முறையன்று. அழிகின்றதென வருந்துவோர் தம் வீட்டுப் பிள்ளையின் கையில் அத்தப்பைக் கொடுப்பரா என்ற கேள்வி முதலில் எழ வேண்டும்.

1960களிற் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது, இரவெல்லாம் ஆடிய கூத்து குறுகிய நேரத்துக்குள் அடங்கியது. அம்மரபைப் பின்பற்றிக் காமன் கூத்தையும் மண்டபத்துக்குக் கொண்டுவருவோர் சுருக்கத்தை எங்கே தொடங்குவது என்று எண்ணுமிடத்து, தூதனை விடலாம். கோமாளியையும், இழப்பென்று அறிந்தே குறைக்கலாம். தப்பை மாத்திரம் திரைக்குப் பின்னே ஒதுக்குதலோ ஒலிப்பதிவால் ஈடுசெய்தலோ ஆகாது. பதிவுசெய்த தாளம் ஒரே சீராய் ஓடும். புலம்பலின் நடுவே ரதி மூச்சுவாங்க நிற்குமிடத்தில் அது நிற்பதில்லை. அரங்கின் முன்பக்கத்தில், ஆடுவோன் முகம் தெரியும் தொலைவில் தப்படிப்போர் நிற்றல் வேண்டும். அறிவிப்பில் அவர்களின் பெயர்கள் ரதி, மதன் பெயர்களுடன் வாசிக்கப்படல் வேண்டும். அடிப்போர் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதாய் இருத்தலாகாது.