மீட்பா, விடுதலையா? திரியெஸ்தே நகரும் தமிழ் மொழிபெயர்ப்பின் போர்ச்சொற்களும்

1. போரில் ஒரு நகரம் கைமாறும்பொழுது அந்நிகழ்ச்சிக்கு இடப்படும் பெயரே அதன்மீது வழங்கப்படும் முதல் தீர்ப்பாக அமைந்துவிடுகிறது. அப்பெயரை வேறொரு மொழிக்குக் கொண்டுசெல்லும் மொழிபெயர்ப்பாளர், தாம் அறியாமலேயே அத்தீர்ப்புக்கு உடன்பட நேர்கிறது. இரண்டாம் உலகப்போர் பற்றிய தமிழ் நூல்களும் மொழிபெயர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கில வழியாகவே உருப்பெறுவதால், 'விடுதலை', 'மீட்பு', 'கைப்பற்றல்' ஆகிய மூன்றும் ஒன்றற்கொன்று மாற்றாக ஆளப்படும் வழக்கம் வேரூன்றியுள்ளது. இவ்வழக்கத்தின் குறையை ஏட்ரியாட்டிக் கடற்கரை நகரமாகிய திரியெஸ்தேயின் 1945ஆம் ஆண்டு வரலாறு தெளிவாகக் காட்டவல்லது.

2. முதல் உலகப்போருக்குப் பின் ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசிடமிருந்து இத்தாலியின் கைக்கு வந்த நகரம் திரியெஸ்தே. இத்தாலியரும் சுலோவேனியரும் அங்கு வாழ்ந்தனர். 1920 ஜூலை 13 அன்று சுலோவேனியரின் பண்பாட்டு இல்லம் தீக்கிரையாக்கப்பட்டது. அடுத்துவந்த பாசிச ஆட்சியில் சுலோவேனிய மொழி பள்ளிகளிலிருந்து அகற்றப்பட்டது. ஊர்ப்பெயர்களும் குடும்பப்பெயர்களும் இத்தாலிய வடிவம் பெற்றன. 1943 செப்டம்பரில் இத்தாலி போரிலிருந்து விலகியபின் ஜெர்மானியர் நகரைத் தம் நேரடி ஆளுகைக்குள் கொண்டுவந்தனர். அரிசி ஆலையாக இருந்த சான் சப்பா கட்டடம் பிணஎரியுலை கொண்ட வதைமுகாமாயிற்று.

1945 ஏப்ரல் 30 அன்று நகரில் இத்தாலிய விடுதலைக் குழு கிளர்ந்தெழுந்தது. மே 1 அன்று யூகோஸ்லாவிய நான்காம் படையும் சுலோவேனியப் பார்ட்டிசான்களின் ஒன்பதாம் படைப்பிரிவும் நகருக்குள் நுழைந்தன. கோட்டையிலிருந்த ஜெர்மானியர் அவர்களிடம் பணியாமல், மே 2 அன்று வந்துசேர்ந்த நியூசிலாந்துப் படையிடம் சரணடைந்தனர். இத்தாலியக் குழுவினரின் படைக்கலங்களை யூகோஸ்லாவியர் பறித்தனர். ஜூன் 12 அன்று யூகோஸ்லாவியப் படை விலகியது; நகரம் நேசநாடுகளின் இராணுவ ஆட்சிக்குள் வந்தது. 1954ஆம் ஆண்டின் இலண்டன் உடன்பாட்டினால் நகரின் ஆட்சி இத்தாலிக்குச் சென்றது. எல்லைச் சிக்கல் 1975ஆம் ஆண்டின் ஓசிமோ உடன்படிக்கையால் முடிவுற்றது.

3. இந்நிகழ்ச்சியைச் சுலோவேனிய மொழியில் 'ஒஸ்வோபொதித்தெவ்' என்பர். 'ஸ்வோபொதா' (சுதந்திரம்) என்பதன் அடியாகப் பிறந்த சொல் இது. இத்தாலிய மொழியின் 'லிபெராட்சியோனே' என்பதும் அதே பொருள் அடிப்படையில் அமைந்ததே. ஆயினும் திரியெஸ்தேயின் இத்தாலியருள் பலர் மே, ஜூன் நிகழ்ச்சிகளைச் சுட்ட இச்சொல்லை ஏலாது, 'ஒக்குபாட்சியோனே' என்றே குறிப்பர். ஒரே நாள், ஒரே தெரு. ஒருவர்க்கு விடுதலையாக இருந்தது மற்றவர்க்கு வேற்றார் ஆட்சியின் தொடக்கமாயிற்று.

தமிழில் 'விடுதலை' என்பது 'விடு' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. எதிலிருந்து என்னும் வினாவை அது எழுப்புமேயன்றி, விடுபட்டது யாருக்கு உரியது என்று கூறாது. 'மீட்பு' அத்தகையதன்று. மீட்கப்படும் பொருள் முன்பு மீட்பவர்க்கு உரியதாக இருந்தது என்னும் முற்கோள் அதனுள் அடங்கியுள்ளது. அடகு வைத்த நகையை மீட்கலாம். பிறர் நகையை மீட்க இயலாது. எனவே 'பார்ட்டிசான்கள் திரியெஸ்தேயை மீட்டனர்' என்னும் தமிழ்த் தொடர், நகரம் யாருக்கு உரியது என்னும் வழக்கை ஒரு வினைமுற்றிலேயே தீர்த்துவிடுகிறது.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலிய தேசியவாதிகள் திரியெஸ்தே உள்ளிட்ட பகுதிகளை 'இர்ரெதெந்தா', அதாவது 'மீட்கப்படாத நிலங்கள்', என அழைத்தனர். இதன் இலத்தீன் மூலம் 'விலைகொடுத்துத் திரும்பப் பெறுதல்' என்னும் பொருளது. பின்னர்ச் சமயப் பொருளும் ஏற்றது. அடகுக்கும் ஆன்ம ஈடேற்றத்திற்கும் ஒருசேர வழங்கும் தமிழ் 'மீட்பு' இதற்கு முற்றும் பொருந்தும் நிகரன் ஆகும். 1918ஆம் ஆண்டின் இத்தாலிய உரிமைக்கோரலுக்கு உரிய இச்சொல்லை 1945ஆம் ஆண்டின் பார்ட்டிசான் போருக்கும் வழங்கினால், எதிரெதிரான இரு இயக்கங்கள் தமிழில் ஒரே பெயர் பெற்றுவிடும்.

4. 'ஆக்கிரமிப்பு' என்பதும் ஆய்வுக்குரியது. போர்ச்சட்டத்தில் இச்சொல்லின் ஆங்கில, இத்தாலிய நிகரன்கள் ஒரு நிலையை மட்டும் குறிக்கக்கூடியவை. தமிழிலோ புறம்போக்கு நிலம் முதல் நடைபாதை வரை முறைகேடாக வளைத்துக்கொள்ளுதலுக்கே அது வழங்குவதால், குற்றச்சாட்டின்றி ஆள இயலாத சொல்லாகிவிட்டது.

'பார்ட்டிசான்' என்பதன் நிலையும் இத்தகையதே. ஸ்பானிய வழிவந்த 'கெரில்லா'வும் ஈழத்தமிழ் வழக்கான 'கரந்தடி'யும் போர்முறையைக் குறிப்பவை. பார்ட்டிசான் என்பதோ 'பக்கம்' என்னும் பொருளுடைய சொல்லடியிலிருந்து வந்து, போரிடுபவரின் சார்பைக் குறிப்பது. மேலும், 1945 மார்ச் முதல் அப்படை 'யூகோஸ்லாவியப் படை' என்னும் முறையான பெயர் பெற்றுவிட்டது. டாங்கும் பீரங்கியும் கொண்டு நகருக்குள் நுழைந்த அதனைக் கரந்தடிப்படை என்று பெயர்த்தல் பிழையாகும், ஒலிபெயர்ப்பே தக்கது.

5. சார்பு நோக்கிப் போருக்குப் பெயரிடும் முறை தமிழ் மரபுக்குப் புதிதன்று. ஆநிரை கவர்தலை வெட்சி எனவும், அதனை மீட்டலைக் கரந்தை எனவும், மதிலை வளைத்தலை உழிஞை எனவும், காத்தலை நொச்சி எனவும் புறப்பொருள் வெண்பாமாலை தனித்தனித் திணைகளாக்கியது. ஒரே போர்க்களத்தில் இரு பூக்கள். சூடிய பூவே சூடியவரின் பக்கத்தை உணர்த்திவிடும். பெயரோடு பக்கத்தையும் வெளிப்படக் கூறியதே இம்மரபின் நேர்மை எனலாம். இன்றைய மொழிபெயர்ப்போ பக்கத்தை மறைத்துப் பெயரை மட்டும் தருகிறது.

6. 'திரியெஸ்தே 1945 மே 1இல் விடுவிக்கப்பட்டது' என்னும் தொடரைச் சான்றாகக் கொள்ளலாம். செயப்பாட்டு வினை இங்கு எழுவாயை விழுங்கிவிட்டது. விடுவித்தவர் யார், எவரிடமிருந்து, எவர் பொருட்டு என்பன தெரியவில்லை. கோட்டை பணிந்தது மே 2 அன்றே ஆதலின் காலமும் முழுமையன்று. ஆங்கிலத்தில் இயல்பாக ஒலிக்கும் இவ்வமைப்பு, தமிழில் படிப்போரை ஐயுறாத உடன்பாட்டுக்கு இட்டுச்செல்கிறது.

மறுதலையாக, நடுநிலை வேண்டி எங்கும் 'கைப்பற்றினர்' என்றே எழுதுதலும் தீர்வாகாது. இருபதாண்டுகளாகத் தம் மொழியைப் பள்ளியில் கேட்க இயலாத சுலோவேனியர்க்கும், சான் சப்பா முகாமின் நிழலில் வாழ்ந்தோர்க்கும் அந்நாள் விடுதலை நாளே. அதே வாரங்களில் சிறைப்பிடிக்கப்பட்டோர் சிலர் கொல்லப்பட்டு, 'ஃபொய்பே' எனப்படும் சுண்ணாம்புப் பாறைக் குழிகளில் எறியப்பட்டனர் என்பதும் உண்மையே. அவர்தம் குடும்பத்தார்க்கு அச்சொல் பொருந்தாது. எல்லார்க்கும் பொதுவான ஒரு வெற்றுச்சொல் இருவர் துன்பத்தையும் ஒருங்கே அழித்துவிடும்.

7. ஆதலின் மூன்று நெறிகள் பின்பற்றத்தக்கன. நிகழ்ச்சியைத் தாமே கூறுமிடத்து, 'நுழைந்தது', 'சரணடைந்தனர்', 'விலகியது' என எழுவாயும் நாளும் விளங்கும் செய்வினைகளை ஆளுதல் முதலாவது. தீர்ப்புச் சொற்களை நீக்காது, தமிழுக்கு இயல்பான 'என', 'என்பர்' ஆகியவற்றின் துணையால் உரியவர் வாய்மொழியாக நிறுத்துதல் இரண்டாவது. 'மீட்பு' என்பதை உரிமைக்கோரலைக் குறிக்கும் இடத்திற்கு மட்டும் ஒதுக்குதல் மூன்றாவது.

இவற்றால் நடை சற்றுக் கனக்கும் என்பது மறுக்கவியலாதது. ஆயினும், 1920இல் எரிக்கப்பட்ட அவ்வில்லத்தைச் சுலோவேனியச் சமூகத்திடம் ஒப்படைக்கும் உடன்பாடு சரியாக நூறாண்டுகளுக்குப் பின், 2020 ஜூலை 13 அன்றுதான் கையொப்பமாயிற்று. நகரத்தார் தீர்க்க நூறாண்டு எடுத்துக்கொண்டதொரு வழக்கினை, அதனை அறியாத மொழியொன்றில் ஒரு வினைச்சொல்லால் தீர்த்துவைக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளர்க்கு இல்லை.