ஆய்விதழ் மதிப்பீடும் நம்மட வரலாற்றெழுத்தும்: ஒரு விமர்சனக் குறிப்பு

இலங்கைச் சோனகரின் பூர்வீகம் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு பெயர்கள் கட்டாயம் வரும். ஒருவர் பொன்னம்பலம் இராமநாதன். மற்றவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ். முன்னவரை ஏசுவோம், பின்னவரைப் புகழுவோம், அதோட கதை முடிஞ்சிடும். அந்த இருவரின் எழுத்தும் எங்கே, எந்த முறையில் அச்சேறின என்று நாம் கேட்பது குறைவு. இங்கே அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வரலாற்றுக் கட்டுரையை யார் படித்துப் பார்த்து, எந்த அளவுகோலை வைத்து அச்சுக்கு அனுப்புகிறார்கள் என்பதை அலுவலக நடைமுறை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு சமூகத்தைப் பற்றி நூறு வருடத்துக்கு எது நிலைக்கப்போகிறது என்பது பல வேளைகளில் அந்த இடத்தில்தான் முடிவாகிறது.

இராமநாதனின் கட்டுரை 1888இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை வெளியிட்ட ஆய்விதழில் வந்தது. அந்தக் கிளை 1845இல் தொடங்கப்பட்டது. உறுப்பினர் கூட்டத்தில் கட்டுரையை வாசிப்பார்கள், அது பின்னர் இதழில் அச்சாகும். வாசிப்பவரும் கேட்பவரும் பெரும்பாலும் கொழும்பின் ஆங்கிலம் படித்த மேல்தட்டினரே. சோனகர் வீட்டில் பேசும் மொழி, அவர்களது வரலாறு, வழக்காறுகள், உடலமைப்பு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் இனத்தால் தமிழரே என்பது இராமநாதனின் முடிவு. அவர் அப்போது சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதி. முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற விஷயம் சூடாக இருந்த காலம் அது. அடுத்த வருடமே, 1889இல், எம்.சி. அப்துல் றஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமனம் பெற்றார்.

அப்துல் அஸீஸின் மறுப்பு 1907இல் வந்தது. பத்தொன்பது வருட இடைவெளி. அதுவும் அதே ஆய்விதழில் அல்ல, தனிப் பிரசுரமாக. இராமநாதனின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மொழி ஒன்றாக இருப்பதால் மட்டும் இனம் ஒன்றாகிவிடாது என்று அவர் வாதாடினார். 1957இல் கொழும்பு சோனகர் இஸ்லாமிய கலாசார நிலையம் அதை மறுபதிப்புச் செய்திராவிட்டால், இன்றைக்கு நம்மில் பலருக்கு அது கைக்கே எட்டியிருக்காது. பெரிய நூலகத்தில் 1888ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்துப் புரட்டும் வெளிநாட்டு ஆய்வாளனின் கண்ணில் படுவது இராமநாதன் மட்டுமே. அஸீஸைத் தேட அவனுக்கு வேறொருவர் சொல்லியிருக்க வேண்டும்.

இன்றைய விதியை வைத்து 1888ஐக் கூண்டில் ஏற்றுவது முறையல்ல. அப்போது வரலாற்று ஆய்விதழ் என்பதே புதுச் சரக்கு. ஜெர்மனியின் ஹிஸ்டோரிஷே சைட்ஷ்ரிஃப்ட் 1859இலும், பிரான்சின் றெவ்யூ ஹிஸ்டொரிக் 1876இலும் தொடங்கின. இங்கிலாந்தின் இங்கிலிஷ் ஹிஸ்டோரிக்கல் றிவியூ 1886இல்தான் வந்தது. அந்த நாள் ஆய்விதழ்களில் பத்திராதிபரின் தீர்ப்பே பெரும்பாலும் இறுதித் தீர்ப்பு. எழுத்து மூலம் கருத்துக் கேட்கும் வழக்கத்தை லண்டன் றோயல் சொசைட்டி 1830களில் தொடங்கியிருந்தது. ஆனால் அது விஞ்ஞானக் கட்டுரைகளுக்கு. வரலாற்றுத் துறையில் வெளியார் மதிப்பீடு பொது விதியாக வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டில்தான்.

இன்றைய முறை என்ன? 1895இல் தொடங்கிய அமெரிக்கன் ஹிஸ்டோரிக்கல் றிவியூ போன்ற ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை போனால் முதலில் ஆசிரியர்பீடம் வாசிக்கும். பெரும் பகுதி அங்கேயே திரும்பிவிடும். மிஞ்சுவதில் எழுதியவரின் பெயரை நீக்கிவிட்டு, அந்த விடயத்தில் தேர்ச்சியுள்ள இருவருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ அனுப்புவார்கள். எழுதியவர் யார் என்பது மதிப்பீட்டாளருக்கும், மதிப்பிட்டவர் யார் என்பது எழுதியவருக்கும் தெரியாது. மதிப்பீட்டாளருக்குச் சம்பளமும் கிடையாது. சில மாதம் கழித்து அறிக்கை வரும்: ஏற்கலாம், சிறு திருத்தம், பெருந்திருத்தம், நிராகரிப்பு என்று நான்கில் ஒன்று. திருத்தி அனுப்புகிறவர், மதிப்பீட்டாளர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என்ன செய்தேன் என்று தனிக் கடிதமும் எழுத வேண்டும். எல்லாம் முடிந்து அச்சில் காண ஒரு வருடமும் ஆகும், இரண்டு வருடமும் ஆகும்.

இராமநாதனின் கட்டுரை இப்படியொரு மேசைக்கு வந்திருந்தால் என்ன கேட்டிருப்பார்கள்? மொழியை வைத்து இனத்தை நிறுவ முடியுமா? வழக்காறு ஒன்றாயிருப்பது வம்சத்தைக் காட்டுமா, பக்கத்தில் வாழ்ந்ததைக் காட்டுமா? போர்த்துக்கேய, ஒல்லாந்த ஆவணங்கள் என்ன சொல்லுகின்றன? இந்த முடிவினால் அரசியலில் யாருக்கு லாபம், அதில் எழுதியவருக்குப் பங்கு உண்டா? இதே கேள்விகளில் பாதியை அஸீஸிடமும் கேட்டிருப்பார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1998இல் கொன்ட்ரிபியூஷன்ஸ் டு இன்டியன் சோசியோலொஜி என்ற ஆய்விதழில் மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்றே எழுதிய கட்டுரை, இருவரின் வாதத்தையும் அவரவர் காலத்து அரசியலுக்குள் வைத்துப் பார்த்தது. கேரள, தமிழகக் கரையோர முஸ்லிம்களோடும் நம்மை ஒப்பிட்டுப் பேசியது. யாரையும் ஏசாமல், யாரையும் தலையில் தூக்காமல் பேச முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

மதிப்பீட்டு முறை ஒரு மந்திரக்கோலும் அல்ல. மைக்கேல் பெலீல் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியரின் கதை அதற்குப் போதும். ஆரம்பகால அமெரிக்காவில் சாதாரண வீடுகளில் துப்பாக்கி அரிது என்ற அவரது கட்டுரை 1996இல் ஜேர்னல் ஒஃப் அமெரிக்கன் ஹிஸ்டரியில் வந்து, அந்த ஆண்டின் சிறந்த கட்டுரைக்கான பரிசையும் பெற்றது. 2000இல் அது நூலானது. மறு வருடம் பான்கிறொஃப்ட் பரிசும் கிடைத்தது. இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்களை எண்ணிப் பார்த்தே முடிவுக்கு வந்ததாக அவர் எழுதியிருந்தார். ஜேம்ஸ் லிண்ட்கிரென் என்ற சட்டப் பேராசிரியரும் வேறு சிலரும் அதே பட்டியல்களை எடுத்து எண்ணியபோது கணக்கு ஒத்துவரவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பார்த்ததாக அவர் சொன்ன பட்டியல்கள் 1906ஆம் ஆண்டு பூகம்பத்திலும் தீயிலும் அழிந்தவை என்றும் தெரியவந்தது. குறிப்பேடுகள் அறைக்குள் வெள்ளம் புகுந்து நாசமாகிவிட்டன என்பது அவர் சொன்ன பதில். 2002இல் எமரி பல்கலைக்கழகப் பதவியை விட்டு விலகினார். அதே வருட இறுதியில் பரிசும் மீளப் பெறப்பட்டது.

மதிப்பீட்டாளர் வாதத்தைப் பார்ப்பார், வாசிப்பைப் பார்ப்பார். சுவடிக்கூடத்துக்குப் போய் ஒவ்வொரு பட்டியலையும் எண்ண மாட்டார். அந்தக் கட்டுரையில் பொய்யைக் காட்டிக்கொடுத்தது அடிக்குறிப்புதான். எந்த ஊர், எந்த ஆவணம் என்று எழுதியிருந்தபடியால்தான் இன்னொருவர் போய்ப் பார்க்க முடிந்தது. பிறகு 2002இல் வில்லியம் அன்ட் மேரி குவாட்டர்லி என்ற ஆய்விதழ் விமர்சகர்களின் கட்டுரைகளையும் அவரது பதிலையும் ஒரே இதழில் பக்கம் பக்கமாக வெளியிட்டது. ஆகவே ஆய்விதழின் பலம் மூன்று இடங்களில் இருக்கிறது: அச்சுக்கு முன் மதிப்பீடு, அச்சில் அடிக்குறிப்பு, அச்சுக்குப் பின் மறுப்புக்கு இடம். 1888இல் சோனகருக்குக் கிடைக்காதது முதலாவது மட்டுமல்ல, மூன்றாவதும்தான்.

இதுவரை சொன்னதில் நம்மட ஆக்களுக்குக் கசப்பு ஒன்றும் இருக்காது. இனிச் சொல்லப்போவது கசக்கலாம்.

இராமநாதனுக்கு அறுபது வருடம் முன்பு, 1827இல், லண்டன் றோயல் ஆசியக் கழகத்தின் முதலாவது தொகுதியில் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் ஒரு கடிதம் அச்சானது. அவர் இலங்கையின் முன்னாள் பிரதம நீதியரசர். கலீபா அப்துல் மலிக் பின் மர்வானின் கொடுமையால் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரேபியாவை விட்டு வெளியேறிய ஹாஷிம் குடும்பத்தாரே இலங்கைக்கு வந்த முதல் முஸ்லிம்கள் என்றும், யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி முதலிய இடங்களில் குடியேறினார்கள் என்றும் அக்கடிதம் கூறுகிறது. நம்மட பாடசாலை மலர்களிலும், ஊர் வரலாறுகளிலும், பள்ளிவாசல் ஆண்டு மலர்களிலும் இந்தச் செய்தி வராத இடமில்லை. ஆனால் ஜோன்ஸ்டன் இதைத் தான் நிறுவிய உண்மையாகச் சொல்லவில்லை. அவர்களது சந்ததியாரிடம் வழங்கும் பாரம்பரியக் கதைப்படி என்றே சொன்னார். நாம் அந்தச் சொல்லைக் கழற்றி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டோம்.

அதே தொகுதியில் இன்னொன்றும் இருக்கிறது. கொழும்பில் கிடைத்த கூபி எழுத்துக் கல்வெட்டும், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சாமுவேல் லீயின் மொழிபெயர்ப்பும். ஹிஜ்ரி 337, அதாவது பத்தாம் நூற்றாண்டு. அது சான்று. கல் இருந்தது, எழுத்து இருந்தது, தேதி இருந்தது, வாசித்தவர் பெயரும் இருக்கிறது. வாய்மொழிக் கதைக்கோ ஆயிரத்து நூறு வருட இடைவெளியில் அறிவித்தவர் ஒருவரின் பெயர்கூட இல்லை. சனத் இல்லாத ஓர் அறிவிப்பை ஹதீஸ் கலையில் எங்கே வைப்பார்கள் என்று மத்ரஸாவில் ஓதுகிற பிள்ளைக்கும் தெரியும். அறிவிப்பாளரை எடைபோட ஒரு தனிக் கலையே வளர்த்த பாரம்பரியம் நம்முடையது. ஊர் வரலாறு எழுத உட்கார்ந்ததும் அதை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடுகிறோம். இராமநாதனிடம் கேட்கும் கேள்வியை ஜோன்ஸ்டனிடமும் கேட்க வேண்டும். பிடிக்காத முடிவுக்கு மட்டும் ஆதாரம் கேட்பது ஆய்வில் சேராது.

சில வருடத்துக்கு முன் ஒரு கிராம வரலாற்று நூலின் வெளியீட்டு விழாவுக்கு நயவுரை சொல்லக் கூப்பிட்டார்கள். ஊரை நிறுவியவர் இன்ன நூற்றாண்டில் யெமனிலிருந்து வந்தார் என்று நூலில் இருந்தது. கீழே ஒரு உசாத்துணையும் இல்லை. எழுதியவரிடம் தனியாகக் கேட்டேன். "பெரியாக்கள் சொல்லுவாங்க சேர்" என்றார். எந்தப் பெரியவர் என்று கேட்டேன். "எல்லாரும் சொல்றதுதானே" என்றார். பொன்னாடை போர்த்தினார்கள், முதல் பிரதி வாங்கினார்கள், படம் எடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து எனது பழைய மாணவி ஒருத்தி தன் பட்டப்படிப்பு ஆய்வேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அதே யெமன் கதை அங்கே இருந்தது, இந்த முறை அழகான அடிக்குறிப்போடு. குறிப்பில் அந்தக் கிராம நூலின் பெயரும் பக்க எண்ணும். கேள்விப்பட்ட கதை நூலாகி, நூல் சான்றாகிவிட்டது. பிள்ளையில் பிழை இல்லை. அவளுக்கு முன்னால் அதை வாசித்துக் கேள்வி கேட்டிருக்க வேண்டிய ஒருவர் எங்கும் இல்லை.

"நாங்க என்ன ஒக்ஸ்போர்டா நடத்துறம்? சின்னச் சஞ்சிகைக்கு என்னத்துக்கு இந்தக் கஷ்டம்?" என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் வட்டம் சிறியது. பெயரை மறைத்தாலும் நடையை வைத்து யாரென்று கண்டுபிடித்துவிடுவோம். மதிப்பீட்டாளர் என்ற பெயரில் பெரியவர்கள் இளையவர்களை மடக்கவும் கூடும். உலக ஆய்விதழ்களிலும் இந்தக் குறை உண்டு; புதிய கருத்தைத் தடுத்த மதிப்பீட்டாளர்களும் இருந்திருக்கிறார்கள். ஏழை சனங்களின் வாய்மொழி வரலாறு ஆவணம் இல்லை என்று தள்ளப்பட்டுவிடும் என்ற பயமும் சரியானதே. ஆனால் அதற்கு மருந்து வாய்மொழியை விடுவதல்ல. சொன்னவர் யார், வயது என்ன, யாரிடம் கேட்டார், எந்த நாள் பதிவு செய்தோம் என்று எழுதுவதுதான்.

இன்னொரு மயக்கமும் பரவுகிறது. ஐ.எஸ்.எஸ்.என். இலக்கம் போட்டால் அது ஆய்விதழாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தொடர் வெளியீட்டை அடையாளம் காண்பதற்கான இலக்கம் மட்டுமே. சமையல் சஞ்சிகைக்கும் அதைப் பெறலாம். காசு கட்டினால் இரண்டு வாரத்தில் பிரசுரிப்போம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களும், பதவியுயர்வுப் புள்ளிக்காக அதில் எழுதுவோரும் இந்த மயக்கத்தில்தான் பிழைக்கிறார்கள்.

நம் சஞ்சிகைகளுக்கு நான் கேட்பது பெரிதல்ல. கவிதைக்கும் கதைக்கும் இது வேண்டாம். ஆய்வென்று போடும் கட்டுரையை, பெயர் நீக்கி, இருவருக்கு அனுப்புங்கள். அதில் ஒருவர் அந்த ஊரைச் சேராதவராக இருக்கட்டும். நம் சமூகத்துக்கு வெளியே உள்ள தமிழ், சிங்கள அறிஞரிடமும் தயங்காமல் கேளுங்கள். காணி உறுதி, தோம்பு, சுவடிக்கூடக் கோப்பு எதுவானாலும் இலக்கமும் இருக்கும் இடமும் எழுதாமல் ஏற்காதீர்கள். நூல் மதிப்புரையை நூலாசிரியரின் நண்பரிடம் கொடுக்காதீர்கள். அடுத்த இதழில் மறுப்புக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். எழுதியவரின் பதிலும் அங்கேயே வரட்டும்.

"நீங்க எப்ப வந்தாக்கள்?" என்ற கேள்வி இந்த நாட்டில் நம்மை நோக்கி இன்னும் எழுந்துகொண்டுதான் இருக்கிறது. பதிலை வாசிக்கப்போகிறவர்கள் நம் நண்பர்கள் மட்டுமல்ல. ஆதாரமில்லாத ஒரு வரியை அவர்கள் உடைத்தால், பக்கத்தில் இருக்கும் கூபிக் கல்வெட்டையும் சேர்த்துத்தான் சந்தேகிப்பார்கள். அந்த வரியை அவர்களுக்கு முன்னால் நாமே பிடித்து நிறுத்துவது நல்லது. 1907இல் ஒருவர் தனிப் பிரசுரத்தில் செய்த வேலை அது. இன்று ஓர் ஆசிரியர்பீடமும் இரண்டு மதிப்பீட்டாளரும் சேர்ந்தால் மூன்று மாதத்தில் செய்துவிடலாம்.