மண்ணில் எழுந்த புரவிகள்

நிக்டியில் ஆண்டுதோறும் ஷாடு மண்ணில் வனைந்த கணபதியைக் கண்டு மகிழ்கின்றோம். அது சூளை காணாத மண். நீரில் கரைவதே அதன் நிறைவு. நம் புதுக்கோட்டைச் சீமை வேளார்கள் வனையும் ஐயனார் புரவியோ நெருப்பில் வெந்து, வெயிலிலும் மழையிலும் நிற்பது.

அதனைக் கண்ட சிலர், "குதிரை போலவே இல்லையே!" என்பர். பொருந்தாத குறை அது. ஊரார் தரும் பிடிமண்ணோடு தொடங்குகிறது வேளாரின் படைப்பு. (பல ஊர்களில் ஐயனாருக்குப் பூசாரியும் அவரே.) களிமண்ணில் மணலும் உமியும் கலந்து பிசைந்து, உள்ளே வெற்றிடம் விட்டே கால்களையும் உடலையும் எழுப்புகின்றார், கெட்டியாக வனைந்தால் சூளையில் வெடித்துவிடும். தூண் போன்ற கால்களும் உருண்ட வயிறும் அந்தக் கட்டாயத்தில் பிறந்தவை. அக்கட்டாயத்தையே கம்பீரமாக்கிக் காட்டியது கலைஞனின் வெற்றியன்றோ? அவர் மனக்கண்முன் நிற்பது லாயத்துக் குதிரையன்று. நள்ளிரவில் ஊர்காக்க வலம்வரும் தெய்வத்தின் ஊர்தி.

தில்லிக் கைவினை அருங்காட்சியகத்திலும் இப்புரவிகள் உண்டு. அழகில் குறைவில்லை. ஆயினும், புரவியெடுப்பன்று கண்திறக்கப்பெற்று, பழம்புரவிகளின் சிதைவுகளுக்கிடையே நிற்கும் புதுப்புரவியின் பொலிவு அங்கில்லை.

புதுவை வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஊர்தோறும் புரவி வனையும் வேளாரை மட்டும் நம்மவர் சட்டிபானை செய்பவராகவே எண்ணுகின்றனர். சிற்பி என்ற பெயரைக் கல்லுக்கும் செம்புக்குமே ஒதுக்கி வைத்துள்ளனர்.