எல்லை கடந்த லயம்: அளவெட்டித் தட்சணாமூர்த்தியின் தவிற்கலை

ஒரு கலை தான் தோன்றிய நாட்டிலிருந்து பிற நாட்டுக்குப் பரவுதல் இயல்பு. பரவிய நாட்டிலிருந்து மீண்டு சென்று தாயகத்தையே வியப்பித்தல் அரிது. நாதசுவரமும் தவிலும் தஞ்சை மண்ணிற் செழித்தவை. யாழ்ப்பாணத்துக் கோயில்கள் அந்நாட்டு வித்துவான்களை நெடுங்காலம் வரவழைத்துத் திருவிழாச் செய்தன. வருவோர் ஆசிரியர், கேட்போர் மாணாக்கர் என்றிருந்த அந்நிலையை மாற்றியவர் தட்சணாமூர்த்தி (1933–1975).

தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மைந்தரான இவர், அளவெட்டியை வாழ்விடமாகக் கொண்டார். காருகுறிச்சி அருணாசலம், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் முதலிய தமிழகப் பெருங்கலைஞருக்குத் தவில் வாசித்து, ஆங்குள்ள வித்துவான்களாலேயே மேதையெனப் போற்றப்பெற்றார்.

இப்புகழுக்கு வேகமே காரணம் என்பார் பலர். அஃது அரையுண்மையே. தவில் திறந்த வீதிக்கென அமைந்த கருவி. வலந்தலையைக் கூடணிந்த விரல்களாலும், தொப்பியைக் கழியாலும் முழக்குவர். வேகம் மிகுந்தால் ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து வெற்றோசையாதல் எளிது. தட்சணாமூர்த்தியின் வாசிப்பிலோ விரைவின் உச்சியிலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே தெளிவாய்க் கேட்கும். ஆதலால், கணக்கறிந்தோர் கணக்கிலும், கணக்கறியாதோர் நாதத்திலும் ஒருங்கே இன்புற்றனர். பண்டிதர்க்கும் பாமரர்க்கும் இடையே அவர் அமைத்த பாலம் இத்தெளிவே.

எனினும், ஒன்று கூறாதுவிடல் திறனாய்வுக்கு அழகன்று. தனித்தவிலுக்காகவே காத்திருக்கும் சுவை நம்மவரிடையே வளர்ந்தது. அச்சுவை மிகுமிடத்து இராக ஆலாபனை வெறும் முன்னுரையாய்ச் சுருங்கும். அவர் பெற்ற பெரும்புகழுக்கும் அதில் ஒரு பங்குண்டு. ஆயின், தெளிவை விடுத்து வேகத்தை மட்டும் கைக்கொள்வோரின் குறையை அவர்மேல் ஏற்றுதல் தகாது.

இன்று எஞ்சியுள்ள அவருடைய ஒலிப்பதிவுகள் சிலவே. அம்ஷன் குமார் அவரைப்பற்றி இயக்கிய ஆவணப்படம் இந்தியத் தேசிய விருது பெற்றது. புகழ்மொழிகளை மீட்டும் மீட்டும் கூறுவதால் ஒரு கலை நிலைபெறாது. எஞ்சிய பதிவுகளைச் செவிகொடுத்து ஆராய்ந்து, சொற்கட்டுகளையும் கணக்குகளையும் ஏட்டில் வரைந்து வைத்தல் வேண்டும். கேட்டறிந்தோர் மறையுமுன் இப்பணியைத் தொடங்குதல் நம் கல்விக் கழகங்களின் கடனாகும்.