அளவுகோலைப் பிடிப்பவர் யார்?

பெரிய நூல்கள் செய்ய முடியாததைச் சில வேளை ஒரு பக்கக் குறிப்பு செய்துவிடுகிறது. 2004-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு குறிப்பு அத்தகையது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் புனே நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கின். இருவர் குடும்பப் பெயரும் ஆங்கிலத்தில் 'ஒய்' எழுத்தில் தொடங்குவதால் 'ஒய்-ஒய் முரண்பாடு' என்று தலைப்பிட்டனர். உடற்பருமன் ஆய்வில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இக்குறிப்பின் நிறை எது, குறை எது, காவிரிப் படுகை மாணவருக்கு அதில் என்ன பாடம் என்று ஆராய்வோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் அளந்து, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைச் சுட்டெண். 1830-களில் பெல்ஜிய நாட்டு வானியலறிஞர் கெட்லே வகுத்த விகிதம் இது. இப்பெயரை 1972-இல் வழங்கியவர் அமெரிக்கரான ஆன்செல் கீஸ். 1.6 மீட்டர் உயரமும் 57 கிலோ எடையும் உள்ளவருக்கு 57-ஐ 2.56-ஆல் வகுக்க, ஏறத்தாழ 22.3 வரும். உலகப் பொது அட்டவணைப்படி 25-க்குக் கீழே இருப்பதால் கவலை இல்லை என்பார்கள்.

யாக்னிக், யுட்கின் இருவருக்கும் இந்த எண் 22.3 தான். ஆனால் உடலில் கொழுப்பு எவ்வளவு? யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு! இதை எப்படிக் கண்டனர்? இரு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களை உடலினூடே செலுத்தினர். எலும்பு, தசை, கொழுப்பு ஆகிய ஒவ்வொன்றும் இவ்விரு கதிர்களையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த வேறுபாட்டிலிருந்து எது எவ்வளவு என்று கணக்கிடலாம். தராசு இந்த வேலையைச் செய்யாது. ஒரு கிலோ தசையும் ஒரு கிலோ கொழுப்பும் அதற்கு ஒன்றே.

இக்குறிப்பின் நிறை இதுதான். இரண்டு மனிதர், இரண்டு படம், ஒரே எண். கணிதம் அறியாதவருக்கும் அளவுகோலின் குறை விளங்கிவிடுகிறது. தம் உடலையே சான்றாக வைத்த துணிவும் பாராட்டத்தக்கது.

குறை என்ன? இரண்டு பேரை வைத்து இரண்டு நாட்டு மக்களைப் பற்றி முடிவு கூற இயலாது. மேலும் யுட்கின் மாரத்தான் ஓட்டக்காரர். யாக்னிக்கின் ஓட்டமோ காலையில் மருத்துவமனை லிஃப்டின் கதவு மூடுமுன் அதைப் பிடிப்பதற்கு மட்டுமே. இதை அவர்களே நகைச்சுவையாகக் குறிப்பிடுகின்றனர். அப்படியானால் வேறுபாடு பிறப்பால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா? அந்தப் படம் விடை சொல்லாது.

விடைக்கு உதவும் சான்று வேறிடத்தில் இருக்கிறது. 1993-இல் புனே அருகே ஆறு கிராமங்களில் கருவுற்ற தாய்மார்களைத் தொடர்ந்து அளக்கும் ஆய்வு தொடங்கியது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் 3.5 கிலோ. புனேக் குழந்தைகளின் தசை சிறுத்திருந்தது. தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. மெலிந்த உடலில் மிகுந்த கொழுப்பு! 2003-இல் வெளியான இம்முடிவு, ஒய்-ஒய் படத்துக்கு அடித்தளம் எனலாம். 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும் ஆசிய மக்களுக்கு 23-இலேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்று கூறியது.

வாசகரே, இங்கே சற்று நில்லுங்கள். அட்டவணையை வகுத்தவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஆயினும் மெலிந்த நோயாளிகளுக்கு ஏன் நீரிழிவு வருகிறது என்ற கேள்வி, அத்தகைய நோயாளிகளை அன்றாடம் பார்ப்பவருக்கே உறைத்தது. கேள்வி கேட்பவர் எங்கிருந்து வருகிறார் என்பதும் அறிவியலின் கருவிகளில் ஒன்று.

அமெரிக்க அனுபவமும் இதைக் காட்டுகிறது. அங்கே தேசிய சுகாதார நிறுவனங்களிடம் நிதி கேட்ட விஞ்ஞானிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2011-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. கல்வி, பயிற்சி, வெளியீடுகள் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும், கறுப்பின விஞ்ஞானிகள் நிதி பெறும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவாக இருந்தது. அவர்கள் மிகுதியாகத் தேர்ந்தெடுத்த மக்கள் நலத் தலைப்புகளுக்கு நிதி குறைவாகவே கிடைத்தது ஒரு காரணம் என்று 2019-இல் மற்றோர் ஆய்வு கண்டது. ஆளைத் தள்ளினால் அவர் கொண்டுவரும் கேள்வியும் தள்ளப்படுகிறது; கேள்வியைத் தள்ளினால் ஆளும் தள்ளப்படுகிறார்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் மிகை எடை அல்லது பருமன் உள்ளோர் 2015-16-இல் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4 விழுக்காடு. 25 என்ற பழைய கோட்டை வைத்து எண்ணிய கணக்கு இது. 23-ஐ வைத்தால் இன்னும் கூடும். காவிரிப் படுகையில் நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. தட்டில் சோறு மட்டும் அப்படியே இருக்கிறது. சம்பா அறுவடைக்கும் அடுத்த குறுவைக்கும் இடையே வேலையற்ற மாதங்களில் உடல் என்ன ஆகிறது? நடவாளாக இருந்த தாய்க்கும் கல்லூரி செல்லும் மகளுக்கும் கொழுப்பு எங்கே, எவ்வளவு சேர்கிறது? இவற்றைக் கேட்கத் தகுந்தவர் அந்த வீட்டிலேயே வளர்ந்த முதல் தலைமுறைப் பட்டதாரி.

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரியும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கின்றன. திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நெல்லும் உணவும் உடலும் கூப்பிடு தூரத்தில் உள்ளன. தமிழ் வழியில் படித்து வரும் மாணவர்க்கோ, ஆய்வு என்றால் பெரும்பாலும் வீடு வீடாகச் சென்று நாடா பிடித்து இடுப்பளவு எடுக்கும் தற்காலிக வேலையாகவே முடிகிறது. எண்கள் அவர்கள் கையிலிருந்து போகின்றன. கட்டுரையில் அவர்கள் பெயர் வருவதில்லை.

நெறியாளர் என்பவர் ஆய்வேட்டில் கையெழுத்திடுபவர் மட்டுமா? மாணவரின் கேள்வியை, அது தமிழில் வந்தாலும், முதலில் கேட்பவர் அவர். ஆங்கிலக் கட்டுரையை உடனமர்ந்து திருத்துபவர். உதவித்தொகை தாமதமானால் அலுவலகத்தில் போய்க் கேட்பவர். அளந்தவரின் பெயரை ஆசிரியர் வரிசையில் சேர்ப்பவர். யாருக்குக் கடிதம் எழுதலாம், எந்த மாநாட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்பன வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு வேளையிலேயே தெரிந்துவிடும். மற்றவருக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும். இது கருணையன்று. கருவியைப் பிழையின்றி வைத்திருப்பது போன்ற ஆய்வுக் கடமையே ஆகும்.

மாணவ நண்பர்களே, நீங்களும் காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் மெலிந்தும் சர்க்கரை நோய் உள்ளவர்களைக் கவனியுங்கள். ஏன் என்று எழுதி, அருகிலுள்ள ஆய்வாளருக்கு அனுப்புங்கள். மேட்டூரில் மதகு திறந்தால் மட்டும் போதாது, கடைமடைக்கு நீர் வந்தால்தான் பாசனம் என்பதை நம்மூர் விவசாயி அறிவார். ஆய்வுக்கூடங்களின் பொறுப்பில் இருப்போரும் அதே அளவுகோலால் தம் பணியை அளந்து பார்க்கட்டும்.