முதற்காட்சியும் வர்க்கமும்

தொடக்கத்தில் இருவரையும் தனித்தனியே அறிமுகஞ்செய்து, இடையில் ஒரு தடையை நிறுவுதல் காதல் நகைச்சுவைப் படங்களின் மரபு. இதனை வகுத்த படங்களுள் பிராங்க் கப்ராவின் ‘இற் ஹப்பென்ட் வண் நைற்’ (1934) முதன்மையானது. தந்தையின் உல்லாசப் படகில் அடைபட்ட செல்வந்தர் மகள் எல்லி உண்ண மறுத்து உணவைத் தட்டிவிடுகிறாள். அறை வாங்கியதும் கடலிற் குதித்து நீந்துகிறாள். அடுத்து, மதுபோதையிலுள்ள பத்திரிகையாளன் பீற்றர், வேலை பறிபோன பின்னரும் தொலைபேசியில் வீரம் பேசுகிறான். பொருளாதாரப் பெருமந்த காலத்திலே பட்டினியும் வேலையிழப்பும் இவ்வாறு நகைப்புக்குரிய குணவியல்புகளாவதை நாம் கவனித்தல் வேண்டும். வர்க்க முரண்பாடு சுபாவ முரண்பாடாக உருமாற்றப்படுகிறது. சுபாவங்கள் இணங்கக்கூடியவை, ஆகவே மணமுடிவு இயல்பாகிறது. (கப்ராவின் கைத்திறனை நாம் மறுக்கவில்லை; எல்லியின் பாய்ச்சல் இன்றும் மனதைக் கவர்வதே.) ஆயினும் பின்னர் பஸ்ஸில் ஒரு தாய் பசியால் மயங்கிச் சரிகையில், முன்பு தட்டிவிடப்பட்ட அவ்வுணவு நம் நினைவுக்கு வருகிறது. படம் அவ்விரண்டையும் இணைத்துக் காட்டவில்லை.